வெயில் நாட்டுக்குத் தைத்த சட்டைகள்

ஏப்ரல் 19

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் அவர்களைப் பெற்ற அம்மாவிடம் போகிறார்கள். முடிவாகிவிட்டது. அந்த அம்மா இருப்பது வெயில் கொளுத்தும் நாடு; அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் வீட்டுக்காரரைப் பிரிந்து போனதிலிருந்து பிள்ளைகளை ஃபோனில்தான் பார்க்கிறார். இப்போது தனியாக வீடு எடுத்தாகிவிட்டதாம், மூன்று வாரம் அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"நான் அவ முகத்துல முழிக்க மாட்டேன். நீயே கூட்டிட்டுப் போய்ட்டுக் கூட்டிட்டு வா" என்று இவர் என் தலையில் கட்டிவிட்டார். கட்டிய கணவரின் முதல் மனைவி வீட்டுக்கு நான் விருந்தாளி. இந்தக் கூத்து வேறு எங்காவது நடக்குமா?

"சித்தி வந்தாதான் நான் போவேன்" என்றான் சின்னவன். பதினாலு வயதுத் தடியன். கேட்டதும் எனக்குள் ஒரே குளிர்ச்சி. வெட்கத்தை விட்டு எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 27

திட்டம் போட உட்கார்ந்தோம். அந்த ஊரில் காலை எட்டு மணிக்கு மேல் வெளியே தலை காட்ட முடியாதாம். பழைய கோட்டை, கடற்கரை எல்லாம் விடியும் முன்பே பார்த்துவிட வேண்டும். நம் வீட்டு மகாராஜா எழுந்திருப்பதே பதினொரு மணிக்கு.

"அப்ப எல்லாத்தையும் இருட்டுலயே பாத்துட்டு வந்துடலாம் சித்தி. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான். விழுந்து விழுந்து சிரித்தேன்.

பெரியவள் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பதினாறு வயது வந்தால் சிரிப்பு நின்றுவிடும் போலிருக்கிறது.

மே 8

கம்பெனியில் கட்டிங் மேசையில் நாளெல்லாம் யூனிஃபார்ம் வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் கத்தரிக்கோல். மெல்லிய பருத்தித் துணி, வெளிர் நிறம், முழுக்கை, காற்றுப் போக லூசாக. பையனுக்கு நாலு சட்டை. அளவு எடுக்கக் கூப்பிட்டால் கறுப்புச் சட்டைதான் வேண்டும் என்கிறான். கறுப்பு வெயிலை இழுக்கும்டா என்றேன். "வெயில் என்ன நாய்க்குட்டியா, இழுத்ததும் வர்றதுக்கு?"

வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தோள் ஒரு விரல் அகன்றிருக்கிறது. எப்போது வளர்ந்தான்?

மே 9

முதுகு வலி. தைக்கவில்லை.

மே 17

இன்று பெரியவளின் சட்டையை வெட்டினேன். எப்போதும் போல் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டேன். வளரும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வெட்டுவேன். இறுக்கமானால் பிரித்துத் தள்ளித் தைத்துக் கொடுத்துவிடலாம். ஏழு வருடமாக இந்த வீட்டில் நடப்பதுதான்.

பக்கத்தில் வந்து நின்றாள். "சித்தி, உள்ள துணி விடாதீங்க. இப்பவே கொஞ்சம் பெருசா தைச்சிடுங்க. அங்க யாரு பிரிச்சுத் தைச்சுத் தரப் போறா?"

சரிடி என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். அப்புறம் கை ஓடவில்லை.

மூன்று வாரத்தில் யாருக்குச் சட்டை பத்தாமல் போகும்?

அவளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப் போய்விட்டது. சட்டென்று உள்ளே போனாள்.

மே 18

இவரைக் கேட்டேன். தெரிந்திருக்கிறது. அவள் இனிமேல் அங்கேயே இருந்து படிக்கப் போகிறாளாம். பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்தாகிவிட்டது. இவரும் சம்மதம் சொல்லிவிட்டார்.

"முன்னாடியே சொன்னா நீ கிளம்புற வரைக்கும் அழுதுட்டே இருப்ப. அங்க போனதும் மெதுவா சொல்லிக்கலாம்னு..."

எங்க போனதும்? அவ வீட்டு வாசல்லயா? நான் யாரு இந்த வீட்டுல — ஆயாவா? அம்மை போட்டப்ப பக்கத்துல படுத்தது யாரு, பரீட்சைக்கு எழுப்பி விட்டது யாரு... ஒருத்தருக்குக் கூட என்கிட்ட சொல்லணும்னு தோணலையே. நான்பாட்டுக்குப் பைத்தியம் மாதிரி கோட்டை எத்தனை மணிக்குத் திறக்கும்னு தேடிட்டு இருந்திருக்கேன்.

மே 19

அவளே வந்தாள். "உங்க மேல கோவம் எல்லாம் இல்ல சித்தி. எனக்கு அம்மாகூட இருக்கணும் போல இருக்கு. அவ்வளவுதான்."

கோபம் என்றால் சமாதானம் செய்யலாம்.

சட்டையைப் பெரியதாகவே தைத்துக் கொடுத்தேன்.

மே 20

"நான் உங்ககூடத் திரும்பி வந்துடுவேன்" என்றான் சின்னவன். நான் கேட்கவே இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று நடமாடினேன்.

ஜூன் 6

வந்து சேர்ந்தோம். விமானத்தை விட்டு இறங்கினால் அடுப்பைத் திறந்த மாதிரி அனல். அந்த அம்மா வந்திருந்தார். ஒல்லி, என்னைவிட வயதில் பெரியவர். என் கைப்பெட்டியைத்தான் முதலில் வாங்கிக்கொண்டார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி!

பிள்ளைகளின் அறையில் இரண்டு கட்டில், இரண்டு மேசை. எல்லாமே புதிது.

ஜூன் 15

கோட்டைக்குப் போகவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சின்னவனுக்கு வெயிலில் மூக்கிலிருந்து ரத்தம் வந்துவிட்டது. நான் சமையலறையில் இருந்தேன். பயந்துபோய் "அம்மா!" என்று கத்தினான். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடப் போனேன், நின்றுவிட்டேன். அவன் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லையே. அவர் போய்ப் பார்த்துக்கொண்டார். நர்ஸ்தானே, என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

பிறகு அக்காவும் தம்பியும் ஒரே கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

ஜூன் 27

காலையில் கிளம்ப வேண்டும். சின்னவன் பையைக் கட்டாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. பெரியவள் குளியலறைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. அவன் ஒரு சட்டையை எடுத்து மடிப்பான், பிரிப்பான், மறுபடி மடிப்பான்.

எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது? வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டு முழிக்கிறது குழந்தை.

"நீ வர வேண்டாம்டா. அக்காகூட இரு. பிடிக்கலைன்னா ஃபோன் பண்ணு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"அப்பா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஒரு தடவையாவது 'இல்ல சித்தி' என்பான் என்று நினைத்தேன். ஒப்புக்காவது. "சரி" என்றான். உடனே சொன்னான். முகம் அப்படியே தெளிந்துவிட்டது.

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். இவரிடம் நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 28

விமானம் ஏறும் முன் இவருக்குச் சொல்லியிருக்கலாம். ஃபோன் கையில்தான் இருந்தது. சொல்லவில்லை. வேண்டுமென்றேதான்.

நம் ஊர் விமான நிலைய வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சவரம் செய்து, சின்னவனுக்குப் பிடித்த சாக்லேட் பொட்டலத்தோடு. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"எங்க, மெதுவா வர்றானா?" என்றார்.

வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டேன். அவர் காதில் விழவில்லை. கடைசி ஆள் வெளியே வந்து கதவு மூடிய பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.