கேட்டுக்கு வெளியே ஒரு பாட்டு

மார்ச் 3, திங்கள்

வீடு மாறி ஐந்து நாளாகிறது. கை மட்டும் இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கிறது. இருட்டில் சமையலறைக்குள் நுழைந்தால் வெறும் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன். இங்கே சுவிட்ச் எதிர்ப்பக்கம். இன்று காலை அவர் பின்னால் வந்து விளக்கைப் போட்டுவிட்டு, "சுவர்கிட்ட அப்படி என்ன ரகசியம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பழைய வீட்டுக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் அது நான் வேலை செய்யும் டிரைவிங் ஸ்கூலின் மாடி. படியிறங்கினால் வேலை, படியேறினால் வீடு. இப்போது சொந்த வீடு என்ற பெருமைக்காக ஊரின் இந்தக் கோடிக்கு வந்திருக்கிறோம். அவர் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலிலேயே பஸ் நிற்கும். எனக்குத்தான் இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் பழைய கார் ஒன்று வாங்கியாயிற்று. நாளை முதல் நானே ஓட்டிக்கொண்டு போவேன்.

இதில் எழுத என்ன இருக்கிறது? ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் கார் ஓட்டுவது ஒரு செய்தியா?

மார்ச் 4, செவ்வாய்

செய்திதான்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் நான் உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஸ்கூல் வண்டியில் என் இடம் பக்கத்து இருக்கை. என் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் ஓட்டுவார், நான் அதட்டுவேன், ஆபத்து என்றால் மிதிப்பேன். வண்டி என் தோளோடு முடிகிறது என்று உடம்பு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. இன்று மறுபக்கம் உட்கார்ந்தேன். கணக்கு தலைகீழாகிவிட்டது.

மாலையில் கேட்டுக்குள் நுழையும்போது கிர்ர் என்றது. தூண். நான் வழக்கமாக உட்காரும் பக்கத்துக் கதவில் முழ நீளத்துக்குக் கீறல். இத்தனை வருஷம் நான் காவல் காத்த பக்கம்!

இந்த வீட்டைக் கட்டியவரிடம் சைக்கிள்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு தூணுக்கும் நடுவே ஒரு காரும் ஒரு பெருமூச்சும் போகலாம். அவ்வளவுதான் இடம்.

எதிர்வீட்டு அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "நீங்க டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவங்களாமே! உங்க வீட்டுக்காரர் சொன்னார்" என்றார். அதையும் இன்றைக்குப் பார்த்தா சொல்ல வேண்டும்? "ஆமாங்க. தூண்தான் கொஞ்சம் முன்னால வந்திருச்சு" என்றேன். என்னிடம் படிக்கிறவர்கள் இதே வார்த்தையைச் சொல்லும்போது எப்படிச் சிரித்திருப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

கீறல் உள்ள பக்கம் மதிலை ஒட்டி நிற்கும்படி வண்டியை விட்டிருக்கிறேன். அவர் பார்க்கவில்லை. கண்ணாடியில் மயிரிழைக் கீறலைக் கூட விளக்கில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிற மனிதர். வீட்டில் எதிரே இருக்கும் உப்பு டப்பா தெரியாது. நல்லதாகப் போயிற்று.

அவருக்கு ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் கற்றுக்கொடுத்தேன். இரண்டாவது திருப்பத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். இந்தக் கதையைச் சொல்லாத சொந்தக்காரர் வீடு இல்லை. "பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுது, என்னா காத்து!" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும்தான்.

பெட்டிகளில் பாதி இன்னும் பிரிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வீட்டுக்கு வந்து கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ரேடியோவில் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டேன். நல்ல பாட்டு. பாதியில் நிறுத்த மனம் வரவில்லை.

மார்ச் 22, சனி

மூன்று பாட்டு. நடுவில் விளம்பரங்கள் வேறு.

இன்று வகுப்பில் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கவைக்கிற மனிதருக்கு கியரைத் தொட்டாலே வாய் உலர்ந்துவிடுகிறது. "பயமா இருக்கு மேடம்" என்றார். "பயப்பட என்ன சார் இருக்கு? வண்டி நாம சொன்னபடி கேட்கும்" என்றேன். ஊருக்குத்தானே உபதேசம்.

ஏப்ரல் 2, புதன்

இதை யாரிடமும் சொல்ல முடியாது. எழுதினாலாவது மனசு ஆறுமா பார்க்கலாம்.

சந்தையைத் தாண்டி வரும்போது ஒரு சைக்கிள்காரர் சட்டென்று குறுக்கே திரும்பினார். நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். பார்த்ததும் என்ன செய்தேன் தெரியுமா— "பிரேக்! பிரேக்!" என்று கத்தினேன். யாரைப் பார்த்து? வண்டியில் நான் ஒருத்திதானே. ஓட்டுகிறவள் மிதிப்பாள் என்று காத்திருந்தேன். ஓட்டுகிறவளே நான்தான்னு மண்டையில ஏறவே இல்ல. ஏறினப்போ சைக்கிள் சக்கரம் வளைஞ்சு போச்சு.

அவர் குதித்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு மட்டும். நல்ல மனிதர். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, வண்டிக்குள் குனிந்து பார்த்தார். "யாரைம்மா பிரேக் போடச் சொன்னீங்க?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே பின் சீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று தேடினார். மருந்துக்கடைக்குக் கூட்டிப்போனேன், சக்கரத்தைச் சரிசெய்து கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். கேட்டு முடித்து வண்டியில் உட்கார்ந்தால் கால் பெடலுக்குப் போக மறுத்தது.

முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு உயிர் போயிருந்தால்? இனி என்னால் ஓட்ட முடியுமா? ஓட்ட முடியாத ஒருத்தி நாளைக்குப் போய்ப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து எதைச் சொல்லிக்கொடுப்பது?

அவரிடம் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே எத்தனை பாட்டு என்று எண்ணவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவர் இன்று முதல் காலையில் நடக்கப் போகிறாராம். உடம்பு கனத்துவிட்டதாம். இவ்வளவு நாள் கனக்காத உடம்பா?

ஏப்ரல் 19, சனி

நடைப்பயிற்சி மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வியர்வை நடந்தவருக்கு வருவது போல் இல்லை. உள்ளங்கையில் மட்டும் வியர்த்திருக்கிறது. நடந்தால் இரண்டு காலும் வலிக்க வேண்டும். இவருக்கு ஒரு காலில் மட்டும் தைலம் தேய்க்க வேண்டியிருக்கிறது.

வேறு பெண்ணா என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன். சேச்சே. சட்டைக்குப் பொத்தான் மாற்றிப் போடுகிறவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?

ஏப்ரல் 28, திங்கள்

இப்படி ஒரு நாள் யார் வாழ்க்கையிலும் வரக்கூடாது. அல்லது ஒரே ஒரு நாள் வரலாம்.

ரயில்வே மேம்பாலம். ஏற்றம். ஓட்டுவது பல் டாக்டர், பக்கத்தில் நான். முன்னால் போட்டி டிரைவிங் ஸ்கூலின் எல் போர்டு வண்டி ஒன்று என்ஜின் நின்று திணறிக்கொண்டிருந்தது. அந்த ஸ்கூல்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. கற்றுக்கொள்கிறவர் ஓட்ட, பக்கத்தில் இவர் குறட்டை விடுவார். டாக்டர் நிறுத்திவிட்டார். முன் வண்டி கிளம்பப் பார்த்தது, இழுத்தது, நின்றது. அப்புறம் மெல்ல, மிக மரியாதையாக, பின்னால் உருண்டு வர ஆரம்பித்தது.

ஹாரனை அடித்தேன். பிரேக்கை மிதித்தேன். என் பிரேக்கை நான் மிதித்து என்ன பயன்? டொக்கென்று பம்பரில் மோதி நின்றது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இறங்கிப் போய், "கண்ணை எங்க வெச்சு ஓட்டுறீங்க? கிளட்சை விடுறதுக்கு முன்னாடி—" என்று ஆரம்பித்தேன். பக்கத்துச் சீட்டில் தூங்குமூஞ்சி விழித்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் சீட்டில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி, நேராகப் பாலத்தையே பார்த்துக்கொண்டு, என் வீட்டுக்காரர்.

என் பக்கம் திரும்பவே இல்லை. "மன்னிச்சிருங்க மேடம்" என்றார்.

கட்டிய மனைவியிடம், மேடம்! எனக்கும் வாயில் என்ன வந்தது தெரியுமா? "பார்த்து ஓட்டுங்க சார்."

திரும்பி வந்து உட்கார்ந்ததும் டாக்டர், "தெரிஞ்சவரா மேடம்?" என்றார்.

"பார்த்த முகம்" என்றேன்.

இரவுச் சாப்பாட்டில் அவர் தண்ணீர் கேட்டபோது மட்டும் சொம்பை நகர்த்தினேன். ஊரில் இல்லாத ஸ்கூலா? நான் சோறு தின்கிற தொழிலைப் போட்டிக் கடையில் போய்க் கற்றுக்கொள்கிறார். மனசு எரிகிறது. கேட்டால் அழுதுவிடுவேன் என்பதால் கேட்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

பம்பரைச் சாக்காக வைத்துத் தூங்குமூஞ்சியிடம் சண்டைக்குப் போனேன். அந்த வண்டியை ஓட்டியவர் யார், எனக்கு அவர் என்ன வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"ஏத்தத்துல ஏன் சார் புது ஆளை விட்டீங்க?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. நேத்து பாலத்துக்கு நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனேன். அந்த மனுஷனுக்கு ரோடே வேணாமாம். வந்த அன்னைக்கே சொல்லிட்டார், 'ஒரு சின்ன கேட்டுக்குள்ள வண்டியை விடணும் சார், அது மட்டும் வந்தா போதும்'னு."

"கேட்டா?"

"ஆமா. வீட்டுல அம்மா வேலையிலருந்து வந்து, உள்ள வர பயந்துக்கிட்டு, கேட்டுக்கு வெளியவே ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்காங்களாம். இவர் ஜன்னல் வழியா பார்த்துட்டே நிக்கிறாராம். 'போய்க் கேட்டா மனசு சங்கடப்படுவாங்க சார். நான் சாதாரணமா வந்து, சாவியைக் குடு, நான் விடுறேன்னு சொல்லணும்'ங்கிறார். கேட்டுக்கு அளவெடுத்துட்டு வந்து, என் மைதானத்துல ரெண்டு டிரம்மை வெச்சுத்தான் தினம் பழகுறார். அந்த அம்மா ஏதோ பெரிய வேலையில இருக்காங்க போல. அவங்க பயப்படுறது வெளிய தெரியக்கூடாதுன்னு பேரைக்கூடச் சொல்லல."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. கத்தவும் முடியாது, வலிக்கவில்லை என்று சொல்லவும் முடியாது.

"பம்பருக்கு என்னம்மா செய்யணும்?" என்றார்.

"பம்பர் பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியில் வண்டியை ஓரங்கட்டி அழுதேன். நன்றாக, சத்தம் போட்டு, ஹாரனில் தலையை வைத்து அழுதேன். ஹாரன் அடித்தது. யாரோ ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கீறலையும் அவர் முதல் நாளே பார்த்திருப்பார். முழுப் பூசணிக்காயை நான்தான் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தேன்.

மே 4, ஞாயிறு

பெட்டிகளைப் பிரிக்கும்போது நானே பேச்சை எடுத்தேன். கேட்டைப் பற்றித் தெரியும் என்று காட்டிக்கொள்ளவில்லை.

"என்கிட்ட கத்துக்கக் கூடாதா? எதுக்கு அந்தத் தூங்குமூஞ்சி?"

செய்தித்தாளில் சுற்றிய டம்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ பக்கத்துல இருந்தா நீதான்மா ஓட்டுற. அவர் தூங்குறார். அதனால நான்தான் ஓட்டியாகணும்."

"திடீர்னு எதுக்கு இந்த ஆசை?"

"பஸ் வராத நாளைக்கு உதவும்னுதான்" என்றார். பொய் சொல்லும்போது அவருக்குக் காது சிவக்கும். அதை இத்தனை வருஷமாக நான் அவருக்குச் சொல்லவில்லை.

அவர் சொன்னதை நினைத்துக்கொண்டே இருந்தேன். நீதான் ஓட்டுற. அன்றைக்கு ஜன்னல் சீட்டுக்காக அவர் பஸ் ஏறவில்லை.

மே 5, திங்கள்

சைக்கிள்காரர் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று மூன்று முறை கேட்டார். அப்புறம் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 8, ஞாயிறு

அவருக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. இன்று முதல் சவாரி, கடைத்தெரு வரை. நான் பக்கத்து இருக்கையில். இந்த வண்டியில் என் காலடியில் ஒன்றும் கிடையாது. போகும் வழியெல்லாம் தரைவிரிப்பை மிதித்து மிதித்துக் குதிகால் வலித்தது. வாயை மட்டும் எப்படியோ கட்டிப்போட்டேன். ஒரு லாரி. ஒரு நாய். ஒரு பள்ளம், அதை அவர் பார்க்கவே இல்லை. ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

திரும்பி வந்தபோது கேட்டுக்கு முன்னால் நிறுத்தினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த ஒரே உதவியைச் செய்தேன். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தூங்குறியா?" என்றார்.

"ஆமா."

"சரி, தூங்கு."

வண்டி மெல்ல நகர்ந்தது. என் பக்கத்துத் தூண் தாண்டிவிட்டது. கண்ணை மூடியிருந்தாலும் தோளுக்குத் தெரியும். அப்புறம் அவர் பக்கத்தில் கிர்ர் என்றது. கண்ணைத் திறக்கவில்லை.

"தூண் கொஞ்சம் முன்னால வந்திருச்சு" என்றார்.

இரண்டு பேரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தோம். எதிர்வீட்டு அம்மா துணியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். இப்போது வண்டிக்கு இரண்டு பக்கமும் கீறல். மதிலை ஒட்டி எந்தப் பக்கம் நிறுத்தினாலும் ஒன்றுதான்.

உள்ளே வரும்போது சொன்னார்: "நாளைக்குச் சாயங்காலம் கடைக்கு வா. நீ ஓட்டு. நான் தூங்குறேன்."

ஜூன் 9, திங்கள்

கடை வாசலில் ஏறினார். பெல்ட்டைப் போட்டார். உடனே கண்ணை மூடிக்கொண்டார். பொய்த் தூக்கம்தான், காது சிவந்திருந்தது. வழியில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. நான் கத்தவில்லை. கால் போய் மிதித்தது.

சமையலறைச் சுவிட்ச் கைக்குத் தானாக வந்துவிட்டதை இன்றுதான் கவனித்தேன்.

கேட்டுக்கு முன்னால் வந்தபோது ரேடியோவில் ஒரு பாட்டு பாதியில் இருந்தது. நல்ல பாட்டுதான். நிறுத்திவிட்டு உள்ளே விட்டேன்.