எழுதியபடி வாசிக்கவும்

துறைமுகக் குடியிருப்பு,
தூத்துக்குடி.
6.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜாய் எழுதுவது. போனில் பேசினால் இவர் காதில் விழும். உடனே தன் அம்மாவுக்குப் பரிந்து பேசுவார். அதனால்தான் கடிதம்.

என் பிள்ளை எஸ்றாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலது கை சும்மா தொங்குகிறது. இடது கையால் பென்சிலை எடுத்து வலது கைக்குள் வைக்கிறான். அது விழுந்ததும் என்னைப் பார்க்கிறான்.

இவன் கல்லீரல் சேர்த்துவைத்த சர்க்கரையைத் திருப்பித் தராது, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பச்சைச் சோளமாவைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால்தான் உயிர் என்று மாமிக்கு எத்தனை முறை சொன்னேன்! பெரிய வெள்ளியன்று சாத்தான்குளத்தில் மாமி வீட்டில் நான் காய்ச்சலில் கிடந்தேன். தம்ளரையும் மாவையும் மாமி கையில் கொடுத்துத்தான் பிள்ளையை அவர்களோடு கோயிலுக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது தம்ளர் நனையவே இல்லை. கேட்டதற்கு, "ஆண்டவரு சிலுவையில தொங்குத நேரத்துல பிள்ளைக்கு மாவக் கரைச்சு ஊத்தச் சொல்லுதியா? ஒரு நேரம் அவனும் உபவாசம் இருந்தா சொகமாயிருவாம்னு நெனச்சேன்" என்றார்கள்.

போன ஞாயிறு அதே மாமி கோயிலில் மைக்கைப் பிடித்து, செத்த பேரனை ஜெபத்தால் எழுப்பியதாகச் சாட்சி சொன்னார்களாம். எல்லோரும் கைதட்டினார்களாம். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்.

இத்துடன் ஒரு காணிக்கைச் சீட்டு இருக்கிறது. ஞாயிறுதோறும் ஆராதனையில், யார் எதற்கு நன்றி சொல்லிப் படைக்கிறார்கள் என்று ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசிக்கிறவர் நீங்கள்தானே. மாடு கன்று போட்டதையும் மருமகன் குடியை விட்டதையும் எழுதியது எழுதியபடி வாசித்தவர். இதையும் அப்படியே வாசியுங்கள்:

"பெரிய வெள்ளியன்று பாட்டி அற்புதமணி அம்மாள் மருந்து மாவைக் கொடுக்காமல் பட்டினி போட்டதால் வலிப்பு வந்து, வலது கை விழுந்து, உயிர் மட்டும் தப்பிய எஸ்றாவுக்காக அவன் தாய் ஜாய் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை."

உங்கள் மகள்,
ஜாய்


சாத்தான்குளம்.
11.5.2025

பிரியமான மகள் ஜாய்க்கு,

அப்பா எழுதுவது. எஸ்றாவுக்கு என் முத்தங்கள். உன் காய்ச்சல் முழுவதும் விட்டதா? நீ அதைப் பற்றி எழுதவில்லை.

சீட்டை வாசித்தேன். ஆனால் எழுதியபடி அல்ல. "சுகவீனத்திலிருந்து உயிர்தப்பிய எஸ்றாவுக்காக அவன் தாய் ஜாய்" என்று மாற்றி வாசித்துவிட்டேன். குருவானவர் பக்கத்தில் நின்றார். நீ அந்த வீட்டில் வாழவேண்டியவள் என்றும் யோசித்தேன். முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவன். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் செய்ததில்லை. இதை இருபது முறை சரிபார்த்தேன், பிறகும் தைரியம் வரவில்லை.

ஆராதனை முடிந்து உன் மாமியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, நல்லா வாசிச்சிய. உங்க மகளுக்கு இப்பமாவது விசுவாசம் வந்திச்சே!" என்றாள்.

நான் சிரித்தேன், ஜாய். ஏன் சிரித்தேன் என்று வீடு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு விளங்கவில்லை.

உன் அன்புத் தந்தை,
சா. தேவபிரசாதம்


தூத்துக்குடி.
14.5.2025

மதிப்பிற்குரிய தேவபிரசாதம் சார் அவர்களுக்கு,

அதே சீட்டை மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"ஒங்கப்பா ஒரு வார்த்தை எதுத்துப் பேசமாட்டாவ, தங்கமான மனுசன்" என்று மாமி எப்போதும் சொல்வார்கள். தங்கமான மனுசன் எனக்கு வேண்டாம். எஸ்றாவுக்கும் வேண்டாம்.

இந்த ஞாயிறும் மாற்றி வாசிப்பீர்களானால் எனக்கு எழுத வேண்டாம். இங்கே வரவும் வேண்டாம்.

ஜாய் டிக்சன்


சாத்தான்குளம்.
18.5.2025, ஞாயிறு மாலை

என் மகளே,

வாசித்துவிட்டேன்.

முதலில் வேறு காணிக்கைகளை வாசித்தேன். உன் சீட்டைக் கடைசியில் வைத்திருந்தேன். அதைப் புத்தகத்தின்மேல் விரித்து வைத்து வாசித்தேன். "பட்டினி போட்டதால்" என்ற இடத்தில் குருவானவர் என் தோளைத் தொட்டார். நிறுத்தினால் மறுபடி தொடங்க என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் நிறுத்தவில்லை. பெயரைத் தெளிவாகச் சொன்னேன். மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

மூன்றாவது பெஞ்சில் உன் மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் தன் பைபிளை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். பாட்டு எண்ணை அறிவித்த பிறகும் ஆர்கன் வாசிக்கும் பெனிஸ்டன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்தபோது யாரும் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. எனக்கும்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்கவில்லை. இது சரியா என்று என்னைக் கேட்டுப் பார்த்தேன். பதில் வருமுன் வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. "அண்ணாச்சி, ஊரு முன்னால என்னக் கொன்னுட்டிய" என்றாள்.

"பிள்ளை பிழைச்சிருக்கான்லா, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றேன். இப்படிப் பேச எனக்கு எங்கிருந்து வந்தது?

பிறகு, "நான் நெனச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு. தூத்துக்குடிக்கு வந்து வாசல்ல நின்னு பிள்ளைய ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன். உங்க மகள்ட்ட எழுதிக் கேளுங்க" என்றாள். எனக்காக ஒரு வார்த்தை பரிந்து எழுதுங்கள் என்றும் கேட்டாள். அதுமட்டும் முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவள் கேட்டதை எழுதிவிட்டேன். பரிந்து எழுதவில்லை.

அப்பா


தூத்துக்குடி.
22.5.2025

அப்பா,

கடிதத்தை இவரிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு ஹார்பருக்கு வேலைக்குப் போய்விட்டார். போகட்டும்.

மாமியை வாசலில் நிற்கவைக்க வேண்டாம். உள்ளேயே வரட்டும். ஒரு நாள் போதாது, ஒரு வாரம் இருக்கட்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாவு கலக்கும்போது, பகலானாலும் ராத்திரியானாலும் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். தம்ளரைத் தொடக்கூடாது. பிள்ளையைத் தொடக்கூடாது. ஜெபம் பண்ணுகிறேன் என்று கண்ணை மூடவும் கூடாது.

சம்மதம் என்றால் சனிக்கிழமை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் மாவை வேறு யாரையும் நான் தொடவிடவில்லை, இவரைக்கூட. நான் தூங்க வேண்டும் அப்பா. அந்த ஒரு வாரமும் ராத்திரி மாவை நீங்கள் கலக்கிக் கொடுங்கள்.

மெதுவாகக் கலக்குங்கள். மாமி பார்க்கட்டும்.

ஜாய்