இரண்டு உடல்களின் அலை

நாள் 141, காலை 8:20
செவ்வாய்க் கோள், தலைமைக் கூடம். மருத்துவப் பதிவு: சுடர்.
இங்கே நாங்கள் மூவர். அறவாழியின் செயற்கை வலக்கை நன்றாக இயங்குகிறது. தோளுக்குள் பதித்த சில்லு கட்டளையை மின்னலையாக அனுப்புகிறது. அவன் சதையே கம்பியாகி அதைக் கைக்குக் கொண்டுசேர்க்கிறது. அலையின் அளவு மட்டும் ரேடியோவில் எனக்கு வரும். மாற்ற வேண்டுமென்றால் அவன் தோள்மேல் கருவியை வைக்க வேண்டும்.
அவனும் ரெஜினாவும் துளையிடும் முகாமில் இருக்கிறார்கள். ரெஜினாவின் செய்தி: "டாக்டரம்மா, உங்க ஆளு புதுக் கையால சப்பாத்தி தேய்க்கிறாரு. ஒவ்வொண்ணும் இலங்கை மேப் மாதிரி வருது!" பின்னால் அவன் சிரிப்பு. என்னிடம் அப்படிச் சிரித்து நாளாகிறது.

நாள் 143, மாலை 5:40
அலை பாதியாகத் தாழ்ந்தது. பழுதில்லை. அவன் தோல் இன்னொருவர் தோலைத் தொட்டால் அலை அந்த உடலுக்குள்ளும் கசியும். அவன் இடக்கையை நான் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை அளந்த அதே வளைகோடு. அங்கே இருக்கும் இன்னோர் உடல் ஒன்றுதான்.
கைகுலுக்கல் என்றால் உடனே மீண்டிருக்கும். தேநீர் போட்டுக் குடித்து முடித்தேன். மீளவில்லை.
பிறகு ரேடியோவில் கேட்டேன், என்ன செய்தாய் என்று.
"டிரில்லைக் கழட்டிட்டிருந்தேன்."
"ரெஜினா?"
"ஆரம்பிச்சிட்டியா, சுடர்?"
பொறாமையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். எந்தப் புத்தகத்திலும் அது வரைபடமாக வந்ததில்லை.

நாள் 146, காலை 10:05
திரும்பி வந்தார்கள். கை இடையிடையே தளர்கிறதாம். எப்போது என்று எனக்குத் தெரியும். கசிவை ஈடுகட்ட அலையை மும்மடங்காக்கினேன்.
ரெஜினாவின் மார்பில் நானே பொருத்திய, இதயத்தைத் துடிக்க வைக்கும் கருவி இருக்கிறது. இவ்வளவு வலுவான வேற்று அலை உள்ளே போனால், இதயம் தானாகவே துடிக்கிறது என்று ஏமாந்து அது சும்மா இருந்துவிடும். அவளைத் தொடாதே என்று அவனிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால், நான் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். "ஆரம்பிச்சிட்டியா" என்பான், அவள் முன்னாலேயே.
அவன் சொன்னது உண்மையானால் தொடப் போவதில்லை. தொடாவிட்டால் ஆபத்தும் இல்லை.
சொல்லவில்லை. அவர்கள் மறுபடி கிளம்பிவிட்டார்கள்.

நாள் 148, பகல் 1:15
புழுதிப் புயல். வண்டியை எடுக்க முடியாது. அலை தாழ்ந்திருக்கிறது.
"சுடர், ரெஜினா பேசிட்டே இருந்தா, சாஞ்சிட்டா! நாடி விட்டுவிட்டு அடிக்குது!"
"அவ கையைப் பிடிச்சிருக்கியா?"
"ஆமா."
"விடு. கையுறை போட்டுக்கிட்டுத் தொடு."
"அவ செத்துட்டிருக்கா. இப்பவும் உனக்கு இதுதானா?"

1:19
எல்லாவற்றையும் சொன்னேன். அலை, கருவி, மும்மடங்கு. கத்திச் சொன்னேன்.
"அப்படி ஒண்ணு இருந்தா கிளம்பும்போதே சொல்லியிருப்பியே. நீ டாக்டர்."

1:22
பேசும் ரேடியோவை அணைத்துவிட்டான். சில்லிலிருந்து அளவு மட்டும் வந்துகொண்டிருக்கிறது.
அலை இன்னும் தாழ்கிறது. இறுக்கிப் பிடித்திருக்கிறான். விடு. அறவாழி, விடு