நூற்றுக்கு அறுபத்து நான்கு

பிப்ரவரி 12

பனி. காலையில் மூன்று பேருக்கு முடி வெட்டினேன், மதியம் ஒருத்திக்குச் சாயம். வீட்டுக்கு வந்தால் இன்சூரன்ஸ் கடிதம். ஆபரேஷனுக்குப் பணம் தர மாட்டார்களாம்.

காரணத்தை மூன்று முறை படித்தேன். ஆஸ்பத்திரியில் வைத்த காது டெஸ்டில் நூற்றுக்கு அறுபத்து நான்கு வாங்கிவிட்டேனாம். ஐம்பதுக்குக் கீழே இருந்தால்தான் காதுக்குள் கருவி பதிக்கக் காசு. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நான் அறுபதைத் தொட்டதில்லை. ஐம்பத்தேழு வயதில் முதன்முதலாக நல்ல மார்க், அதற்குத் தண்டனையா?

பிப்ரவரி 13

போன் எனக்கு ஆகாது. என் கணவன் வெர்ன்தான் இன்சூரன்ஸ்காரர்களிடம் பேசினான், ஒவ்வொன்றாக என் பக்கம் திரும்பிச் சொன்னான்.

"உன் காது அவ்வளவு மோசமில்லையாம்."

"சரி, காது மிஷினுக்காவது தருவாங்களான்னு கேளு."

கேட்டான். முகம் மாறியது. "அது உங்க பிளான்லயே இல்லங்கறான்."

அவன்தான் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று நினைத்து மறுபடி கேட்கச் சொன்னேன். அதே பதில். அடியோடு செவிடானால் லட்சம் டாலர் போல ஆகும் ஆபரேஷனுக்குத் தருவார்கள். செவிடாகிக்கொண்டே இருப்பவளுக்கு ஆறாயிரம் டாலர் மிஷின் கிடையாது. யார் உட்கார்ந்து எழுதினார்கள் இதை?

பிப்ரவரி 22

சர்ச் ஹாலில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல். கூட்டத்தில் யார் பேசுவதும் பிடிபடாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன். திரும்பும் வழியில் வெர்ன் காரை ஓரம் கட்டி, உள்விளக்கைப் போட்டு, என்னைப் பார்த்துச் சொன்னான்.

"மறுபடி டெஸ்ட் எடுப்போம். பத்துக் கேள்விக்குத் தப்பாப் பதில் சொல்லிடு."

மளிகைக் கடைக்காரி மீதியில் ஒரு டாலர் கூடுதலாகக் கொடுத்துவிட்டாள் என்று எட்டு மைல் திரும்பிப் போனவன் இவன்!

"வெர்ன், அது பொய்."

"தெரியும். நீ வீட்ல ரேடியோ போட்டு எத்தன வருஷமாச்சுன்னும் எனக்குத் தெரியும்."

பிப்ரவரி 23

மனசு ஒப்பவில்லை.

மார்ச் 1

இன்று கடைக்கு வந்தவள் பள்ளி ஆசிரியை ஒருத்தி, புதியவள். நான் உட்காரவைத்துத் துணி போர்த்தும்போது தலையைக் குனிந்துகொண்டே ஏதோ சொல்லியிருக்கிறாள். நுனி மட்டும் போதும் என்று சொன்னாளாம். நான் காதளவுக்கு வெட்டிவிட்டேன். அவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள், அப்புறம் அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மாலையில் எங்கள் கடை முதலாளி க்வென் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா இந்த நாற்காலிய வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும், லொரெய்ன். என்னத் தப்பா நெனைக்காத."

முப்பத்தோரு வருடம் இந்த நாற்காலி.

பொய் சொல்லப் போகிறேன். கடவுள் மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டால் போகட்டும்.

மார்ச் 11

டொலீடோ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். ஒன்றுக்குச் சரி, ஒன்றுக்குத் தப்பு என்று காரில் பழகிக்கொண்டே போனேன்.

காது பரிசோதிக்கும் ஹெய்டி, ஆஸ்பத்திரியின் இரவல் மிஷினைக் காதில் மாட்டிவிட்டாள். "போன தடவ முழு வாக்கியம் குடுத்தேன். இந்தத் தடவ தனித்தனிச் சொல். ஐம்பது வரும். கேட்டதச் சொல்லுங்க."

வெளிச்சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தேன். முதல் சொல் வந்தது. வந்ததா? யாரோ ஊதியது போல இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். எங்கே பொய்யை ஆரம்பிப்பது என்று காத்துக்கொண்டிருக்கும்போதே ஐம்பதும் முடிந்துவிட்டது. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சரியான பதில் தெரிந்தால் அல்லவா மாற்றிச் சொல்ல?

ஐம்பதில் ஆறுதான் சரி.

"ஹெய்டி, மிஷின் ரிப்பேரா?"

"இல்ல, லொரெய்ன்."

"அப்ப போன தடவ அறுபத்து நாலு?"

அவள் நாற்காலியை இழுத்து என் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். "அது உங்க காது வாங்கினது இல்ல. ஒரு சொல் பிடிபட்டா மீதி வாக்கியத்த நீங்களே கட்டிடறீங்க. கடையிலயும் அதத்தான் செய்றீங்க. கண்ணாடியில உதட்டப் பாத்து."

எனக்கே தெரியாது. சத்தியமாக எனக்கே தெரியாது. கேட்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

காரில் வெர்ன் கேட்டான், "சொல்லிட்டியா?"

"பொய் தேவையே படல."

அவன் சாவியைப் போட்டான், ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

மார்ச் 12

அப்படியானால் இத்தனை வருடம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?

ஏப்ரல் 9

ஹெய்டி புது மார்க்கோடு எழுதிய மேல்முறையீட்டுக்குப் பதில். சரி என்றுவிட்டார்கள். ஒரு காதுக்கு மட்டும். இன்னொரு காது 'அவசியமில்லை' என்ற பட்டியலில். வெர்ன் சொன்னான், "நான் எந்தப் பக்கம் உக்காரணும்னு மட்டும் சொல்லிடு, சண்டை போட வசதியா இருக்கும்."

மே 6

ஆபரேஷன் முடிந்தது. தலையில் கட்டு. தலைசுற்றல். அந்தக் காதில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் கருவியை ஓடவிடுவார்கள். ஓடாவிட்டால்?

ஜூன் 5

ஓடவிட்டார்கள். எல்லார் குரலும் தகரம். வெர்ன் 'ஹலோ' என்றான், அவன்தான் என்று நம்ப முடியவில்லை. போகப் போகச் சரியாகும் என்கிறாள் ஹெய்டி.

ஜூலை 19

பெர்னடெட் வந்தாள், பதினெட்டு வருட வாடிக்கை. தலையைத் தொட்டியில் சாய்த்து, முடியை நனைத்துக்கொண்டிருந்தேன். அங்கே கண்ணாடி இல்லை. நான் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சுடுதே, லொரெய்ன்."

சட்டென்று குழாயைக் குளிர்ந்த பக்கம் திருப்பினேன். அவள் படக்கென்று கண்ணைத் திறந்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இன்னைக்கு ரொம்பச் சூடாயிடுச்சா?"

"எப்பவும் இதே சூடுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எத்தன நாளா?"

"ஆறு வருஷம் இருக்கும். மொதல்ல சொல்லிப் பாத்தோம். அப்புறம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டோம்."

"'இருந்துட்டோம்'னா? யார் யாரு?"

பெர்னடெட்டின் கண் சுவர்ப் பக்கம் போனது. நான் திரும்பினேன். சுவரோரம் தங்கள் முறைக்காகக் காத்திருந்த மூன்று பேரும் பத்திரிகைகளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்கள்.