ஒரே பையில் இரண்டு நம்பர்

மில்ஹைம், பென்சில்வேனியா
செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள டெல்மருக்கு,

கொரின் எழுதுவது. நீயும் ரூத்தும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அலாஸ்காவில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே பகலில் இன்னும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ளும்படிதான் வெயில் அடிக்கிறது. நாலு வருஷமாக கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைத் தவிர உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் தபால் கிடையாது. திடீரென்று அண்ணி பக்கம் பக்கமாக எழுதுகிறாளே என்று உனக்குப் பக்கென்று இருக்கும். யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன் வெண்டல் என் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறார். சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டு, உங்கள் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். "யாருக்கு எழுதுற?" என்று கேட்டார். உனக்கு என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுது எழுது. கூட்டத்தப் பத்தி நல்லா எழுது. வராம என்னத்தையெல்லாம் விட்டான்னு தெரியட்டும்" என்றார். ஆகவே அவர் சொல்லித்தான் எழுதுகிறேன். அவர் எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் எப்படி எழுத முடிகிறது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயமே. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் காது நன்றாக இருக்கிறது.

பழைய துப்பாக்கிகளைக் கொண்டுவந்து, பறக்கவிட்ட களிமண் தட்டுகளைச் சுடும் நம் கூட்டம் போன சனிக்கிழமை ராஸ் கிம்மெலின் பண்ணையில் நடந்தது. முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். மேஜைகளில் போர்வை விரித்து அதன் மேல் கிழத் துப்பாக்கிகளைக் குழந்தைகளைப் போலப் படுக்க வைத்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் இழுத்து நிறுத்திக் காட்டுவது வழக்கம்போல நடந்தது. ஓஹியோவிலிருந்து வந்த ஒருவர் புதிதாக வாங்கியதைக் காட்டிவிட்டு, "இது என்ன விலைன்னு என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அடுத்த தட்டுக்குப் பதிலா என்னைத்தான் பறக்க விடுவா" என்றார். பின்னாலிருந்து ராஸ், "நீ பறந்தா யாருக்கும் குறி தப்பாதுப்பா, அவ்ளோ அகலம்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். காலை ஒன்பது மணிக்கு நான் நன்றாகத்தான் இருந்தேன்.

சுடும் களத்துக்குப் பொறுப்பு வெண்டல்தான். இது இருபத்திரண்டாவது வருஷம். ஒவ்வொருவரும் துப்பாக்கியைத் திறந்து அவரிடம் நீட்ட வேண்டும், அவர் குழலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துச் சரி என்றால்தான் களத்துக்குள் போகலாம். உனக்கு ஞாபகம் இருக்கும், அந்தக் காலத்தில் அவரிடம் நீட்டுவதற்குள் ஆட்களுக்கு வியர்த்துவிடும். மயிரிழை பள்ளம் இருந்தாலும் கண்டுபிடித்து, "இதை வீட்டுல மாட்டி வை, சுடாதே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இந்த வருஷம் முப்பத்தொன்றும் சரி. ஒன்றுகூடத் திரும்பவில்லை. ராஸ் என் காதருகே வந்து, "என்ன கொரின், உன் வீட்டுக்காரர் இந்தத் தடவ இவ்ளோ தாராளமாயிட்டாரு? காலைல கூட ரெண்டு முட்டை வச்சியா?" என்று கேட்டான். நான் சிரித்து மழுப்பினேன். பிறகு அவர் குழல் பார்ப்பதையே கவனித்துக்கொண்டு நின்றேன்.

ஏனென்றால் ஜூன் மாதத்திலிருந்தே எனக்குச் சந்தேகம். சர்க்கரை ஏறியிருக்கிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது என்று தெரியும். காபியை ஊற்றும்போது விரலைக் கோப்பைக்குள் விட்டு அளவு பார்க்கிறார். கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தவர், "கண்ணாடிய மாத்தணுமாம், வேற ஒண்ணுமில்ல" என்றார். கண்ணாடி இன்றுவரை மாறவில்லை. டாக்டர் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்டால் எரிந்து விழுகிறார்.

சாப்பாட்டுக்குப் பிறகு களத்துக்குத் திரும்பும் முன் எங்கள் வண்டியின் பின்பக்கத்தில் எங்கள் இருவர் பைகளிலும் தோட்டா நிரப்ப வேண்டியிருந்தது. நிரப்பியது அவர். நான் ராஸின் மனைவி பெட்டி கிம்மெலோடு சூப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். "இரு வெண்டல், என்னோடத நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லத்தான் சொன்னேன். "நாப்பது வருஷமா உனக்கு நிரப்பித் தரேன், இன்னிக்கு என்ன புதுசா?" என்றார். அவருடையது பன்னிரண்டு நம்பர் குழல், தடித்த சிவப்புத் தோட்டா. என்னுடையது இருபது நம்பர், ஒல்லி மஞ்சள்; நம்பர் ஏறினால் குழல் சிறுக்கும் கணக்கு. சின்னதை யாரும் பெரியதென்று எடுத்துவிடக் கூடாது என்றுதான் இருபது நம்பரை எங்கும் மஞ்சளாகவே செய்கிறார்கள். அதற்குமேலும் பயம் போதாதென்று உன் அண்ணன் களத்து வாசலில் தன் கையாலேயே பலகை எழுதி வைத்திருக்கிறார்: ஒரே பையில் இரண்டு நம்பர் இருந்தால், வந்த வழியே போகலாம். மாமா ஏமஸின் விரல்கள் சிதறிப்போன இடது கையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள் இருவரும். அந்தப் பலகை ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜோடித் தட்டு விடும் இடத்தில் அவர் நின்றார். நான் இருபதடி பின்னால், அடுத்த முறைக்குக் காத்திருந்தேன். முதல் தட்டு தப்பியது. "வெயில் கண்ணுல அடிக்குது" என்றார். வெயில் எங்கள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது விசையை இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெடிக்கவில்லை.

ராஸ் சும்மா இருப்பானா? "என்ன தலைவரே, தோட்டாவ வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கத்தினான். "வாய மூடுடா, உனக்கு ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன்" என்றார் உன் அண்ணன். துப்பாக்கியைத் திறந்தார். வலது குழலில் வெடித்த தோட்டாக்கூடு வெளியே வந்தது. இடது குழலின் வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். காலி. "அட ஆமா, போடவே இல்ல" என்று சிரித்துக்கொண்டே பைக்குள் கையை விட்டார்.

அதே நேரம் என் கை என் பைக்குள் இருந்தது. மஞ்சள்களுக்கு நடுவே தடிமனாக இரண்டு தட்டுப்பட்டன. எடுத்துப் பார்த்தேன். சிவப்பு.

என் பையில் அவருடைய சிவப்பு இருக்கிறதென்றால் என் மஞ்சள் எங்கே? ஒல்லித் தோட்டாவைப் பெரிய குழலில் போட்டால் அது வாயில் நிற்காது, உள்ளே சறுக்கிப் போய் நாலு விரல் ஆழத்தில் சிக்கிக்கொள்ளும். குனிந்து பார்க்காதவனுக்குக் குழல் காலி. அதன் பின்னால் இன்னொன்றைப் போட இடமும் இருக்கும். போட்டு விசையை இழுத்தால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். குழலைத் தாங்கிப் பிடித்திருக்கிற இடது கை இருக்காது. முகமும் பக்கத்தில்தான் இருக்கிறது.

டெல்மர், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நான் உடனே கத்தவில்லை. தயங்கினேன். முப்பது பேர் முன்னால், அவர் எழுதிய பலகைக்குக் கீழேயே, அவர் பெயர் போய்விடுமே என்று ஒரு நொடி நின்றேன். சிவப்புத் தோட்டா அவர் விரலிலிருந்து குழலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நொடிக்காக நான் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

துப்பாக்கி மூடிக்கொள்ளும் 'க்ளக்' சத்தம் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. "நிறுத்து!" என்று கத்தினேன். யார் கத்தினாலும் எல்லோரும் துப்பாக்கியைத் திறந்துவிட வேண்டும் என்பது நம் வழக்கம். திறந்தார்கள். அவரும் திறந்தார். அந்தப் பழக்கம் அவர் கையில் ஊறிப்போயிருந்ததால் பிழைத்தார். பிறகு திரும்பி, "என்ன கொரின், என்ன ஆச்சு?" என்று கேட்டார். பெட்டியைப் பார்த்துக் கேட்டார். பெட்டி என்னைவிட ஒரு முழம் உயரம், அவள் போட்டிருந்தது பச்சைச் சட்டை. நான் போட்டிருந்தது வெள்ளை.

சிவப்பை எடுக்கச் சொன்னேன். ராஸ் கம்பியைக் கொண்டுவந்து குழலின் முன்பக்கமாக விட்டுத் தள்ளினான். மஞ்சள் தோட்டா புல்லில் விழுந்தது. உன் அண்ணன் கீழே பார்த்தபடி, "என்ன விழுந்துச்சு?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கிறார் என்று நினைத்து எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். அது கோபமில்லை டெல்மர். என்ன விழுந்தது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"மஞ்சள். என்னோடது. சாப்பிட்டு வந்தப்போ நான்தான் பாக்காம உன் பைல போட்டுட்டேன்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னேன்.

அவர் என் குரல் வந்த பக்கம் திரும்பினார். பிறகு, "துப்பாக்கிய உறையில வை, கொரின்" என்றார். ராஸ் இடையில் புகுந்து, "விடு வெண்டல், அவ இந்தக் கூட்டம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து வரா. கை தவறிடுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல" என்று கெஞ்சினான். "மெர்ல் ஸ்டவுட்டுக்கு ஒரு சட்டம், என் பொண்டாட்டிக்கு ஒரு சட்டமா?" என்றார். மெர்லை இதே தப்புக்கு இவர் வெளியே அனுப்பியது உனக்குத் தெரியும். முப்பது வருஷ நண்பன். அன்றைக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. நான் என் இருபது நம்பரை உறையில் வைத்துவிட்டு, சாயங்காலம் வரை வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைப் பார்க்காத மாதிரி நடந்துபோனார்கள். பெட்டி மட்டும் கண்ணாடியைத் தட்டிக் காபி கொடுத்துவிட்டுப் போனாள். அத்தனை நேரமும் வெளியே உன் அண்ணன் களத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் அவர் நின்றுகொண்டிருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன்.

திரும்பும்போது சாவிக்குக் கை நீட்டினேன். மறுக்காமல் கொடுத்துவிட்டார். நாற்பது வருஷத்தில் அது முதல் தடவை. பாதி வழியில், "நீ அப்படித் தப்பு பண்றவ இல்லையே கொரின்" என்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "வயசாவுதில்ல" என்றேன். அதன் பிறகு இன்றுவரை அந்தப் பேச்சே இல்லை.

நேற்று வண்டியில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் டப்பாவுக்குள் டாக்டரின் சீட்டைக் கண்டுபிடித்தேன். ஜூன் தேதி போட்டிருக்கிறது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். வண்டி ஓட்டக் கூடாதென்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். உன் அண்ணனுக்குக் கண் தெரியவில்லை, டெல்மர். எழுதிவிட்டேன். இதுவரை வாயால் யாரிடமும் சொல்லவில்லை.

அக்டோபர் 12, சனிக்கிழமை, இந்த வருஷத்தின் கடைசிக் கூட்டம். அவர்தான் மறுபடியும் குழல் பார்த்து அனுப்பப் போகிறார், அவரும் சுடப் போகிறார். நான் உள்ளே போக முடியாது. கத்துவதற்குப் பக்கத்தில் இருக்கமாட்டேன். நான் சொன்னால் கேட்கமாட்டார். ராஸிடம் சொன்னால் அன்றோடு வெண்டல் யாரையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அப்பா அந்தத் துப்பாக்கியை உங்கள் இருவருக்கும்தான் விட்டுப் போனார், பத்து வருஷம் அவன், பத்து வருஷம் இவன் என்று. உன் முறை வந்து நாலு வருஷமாகிறது. அன்றைக்கு நீ கேட்டாய், அவர் முடியாதென்றார், இரண்டு பேரும் என்னென்னவோ பேசிக்கொண்டீர்கள். இப்போது மறுபடியும் வந்து கேள். அப்பாவின் வார்த்தையை நேருக்கு நேர் சொல்லிக் கேட்டால் இந்தத் தடவை அவரால் மறுக்க முடியாது. அதைத் தவிர வேறு துப்பாக்கியை அவர் தோளில் வைத்ததில்லை. அது போனால் களத்துக்கும் போகமாட்டார். உன்னைக் கண்டபடி திட்டுவார். பேராசைக்காரன் என்பார். திட்டட்டும், வாங்கிக்கொள். தம்பி பிடுங்கிக்கொண்டு போனான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அவர் தலை நிமிர்ந்து நடக்கட்டும். என் பங்குக்கு நான் வாங்கிக்கொண்டேன், உன் பங்கு இது. துப்பாக்கி கைமாறிய பிறகு ஆஸ்பத்திரிக்கு அவரை நான் கூட்டிப்போகிறேன்.

ரூத்துக்கு என் அன்பு. கடவுள் உங்கள் இருவரையும் கண்ணும் கையும் குறையாமல் வைத்திருக்கட்டும்.

என்றும் உன் அண்ணி,
கொரின்

பின்குறிப்பு: எழுதி முடித்ததும், "படிச்சுக் காட்டு" என்றார். மனதில் வந்ததைப் படித்தேன். நல்ல வெயில், முப்பத்தொரு பேர், பெட்டி செய்த ஆப்பிள் பை பலகாரம், ராஸின் கிண்டல். "குடு, நானும் ஒரு தடவ பாக்கறேன்" என்று கை நீட்டினார். கொடுத்தேன். படிக்கிறவன் எடுத்துக்கொள்ளும் நேரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கடைசியில், "ஆப்பிள் பை பத்தி நல்லா எழுதியிருக்க" என்று சொல்லிவிட்டு, என் பேனாவை வாங்கி, எப்போதும்போல கீழே தன் கையெழுத்தையும் போட்டார். கீழே என்று நினைத்துப் போட்டார். அது எந்த வரியின் மேல் விழுந்திருக்கிறது என்று நீயே பார். 12ஆம் தேதிக்கு முன்னால் வந்துவிடு, டெல்மர்.