பனி விழுந்த சேதி

ஜனவரி 4, திங்கள்

காலையில் கடும் மூடுபனி. ஏரியே தெரியவில்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் ஒன்பது மணி வரை லைட் போட்டுக்கொண்டுதான் வேலை.

வாங்க: து. பருப்பு, சோப்பு, அவருக்கு முட்டித் தைலம்.

அவர் இன்றும் ஜீப்பைச் சவாரிக்கு எடுக்கவில்லை. ஒன்பது வருடமாக டிசம்பர் பிறந்தால் இமாசலத்துக்குக் கிளம்பிவிடுகிறவர். அங்கே ஒரு மலைக்கிராமம், பனிச்சறுக்குக்கு ஆட்கள் வருகிற இடம். ஓட்டல் வேலைக்கென்று போய், சறுக்கக் கற்று, வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவராகவே ஆகிவிட்டார். போன வருடம் விழுந்ததில் வலது முட்டி கெட்டது. இன்னொரு தடவை விழுந்தால் நடப்பதே சிரமம் என்றார் சேலத்து டாக்டர். இவர் காதில் ஏறவில்லை.

இந்த வருடம் அங்கே பனியே இல்லை. அந்த ஓட்டலில் சமையல் செய்யும் சேலத்து முருகேசன் வாரம் ஒருமுறை போனில்: "சரிவெல்லாம் பாறை தெரியுதுங்கண்ணா." இவர் முகம் தொங்கிப்போகும். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. பனி விழவே கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜன. 6, புதன்

தூறல். மூன்று நாளாகத் துணி காயவில்லை.

அவர் குளிக்கும்போது அவர் போன் அடித்தது. முருகேசன்தான். எடுத்தேன்.

"அக்கா, ரெண்டு நாளா கொட்டுதுங்க. நாலடி. அண்ணன வெள்ளிக்கெழமைக்குள்ள கெளம்பச் சொல்லுங்க. சொல்லிக்குடுக்க ஆளில்லாம நொம்பத் தவிக்கறாங்க."

"சொல்றேன் தம்பி."

சொல்லவில்லை. மு. நம்பர் வந்திருந்ததைப் போனிலிருந்து அழித்தேன். தோசை கருகிப்போயிற்று.

ஜன. 7, வியாழன்

ஈரோட்டுக் குடும்பம் ஒன்று, ரூம் 6. "ஏனுங்க, இங்க ஐஸ் மாதிரி பனி கொட்டுமுங்களா?" மூட்டம் மட்டும்தான் என்றேன். தலைவலி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறார்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல." நெற்றியெல்லாம் வேர்வை. "முருகேசன் போன் பண்ணுனானா?"

"இல்லீங்க."

ஜன. 9, சனி

வெள்ளி போய்விட்டது. நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

காலையில் சொல்லிவிட்டேன். "புதன்கெழமையே போன் வந்துச்சுங்க. நாலடி பனியாம். நாந்தான் சொல்லல."

சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். போனை எடுத்துக்கொண்டு வெளியே மூட்டத்துக்குள் போனார். பத்து நிமிடம். வாசலில் நின்றேன்.

"வேற ஆள் போட்டுட்டாங்களாம். நேத்து."

"முட்டி போயிடுமுன்னுதானுங்க..."

"தெரியும். சொல்லியிருந்தா நானே வேண்டாமுன்னு இருந்திருப்பனோ என்னமோ. அதைச் சொல்ல நீ விடலையே சரசு."

ஜன. 10, ஞாயிறு

மூட்டம், குளிர். ஜீப் எடுத்தார். கொட்டச்சேட்டுக்கு ஒரு சவாரி. நாலு மணிக்கு வந்து சாப்பிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

"வெய்யிங்க, நான் கழுவறேன்."

"இருக்கட்டுமுங்க" என்றார்.

பதினெட்டு வருடத்தில் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. சவாரிக்கு வருகிறவர்களிடம்தான் அப்படிப் பேசுவார்.