பெப்புவில் பிடுங்கிய கடைவாய்ப் பல்

மாசான், கொரியா
12 நவம்பர் 1995

அன்பு மகன் கியூஹானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஏறக்குறைய நலம். ஏறக்குறைய என்று ஏன் போட்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், பதறாமல் படி. அங்கே நீயும் மருமகளும் குட்டிப் பயல் ஜுனும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே குளிர் இறங்கிவிட்டது, அங்கே வெயில் ஏறுகிற காலமாமே. கிம்ச்சி போட முட்டைக்கோஸ் சொல்லியாகிவிட்டது, இரண்டு பேருக்கு எதற்கு ஐம்பது என்று உன் சின்னம்மா திட்டினாள், கை அந்தக் கணக்குக்குப் பழகிப்போய்விட்டது, நான் என்ன செய்வது.

நீ அனுப்பிவைத்த டூர் போய்வந்து பத்து நாள் ஆகிறது. அப்பாவின் அறுபதாம் ஆண்டுக்கு ஊரைக் கூட்டி விருந்து வைப்பதற்குப் பதில் இரண்டு பேரையும் வெளிநாடு அனுப்புகிறான் மகன் என்று தெருவில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நல்ல மனசுதான் ராசா, ஆனால் மனுஷனை அனுப்ப உனக்கு ஜப்பானை விட்டால் வேறு நாடே கிடைக்கவில்லையா? மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயை ஜப்பான் பேரில் கேட்டார் என்று சொந்தத் தங்கை புருஷனோடு எட்டு வருஷம் பேசாமல் இருந்தவர் உன் அப்பா. ஜப்பான்காரன் நம்மை ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடத்தில் நம் மொழி பேசியதற்காக வாத்தியார் கன்னத்தில் அறைந்தது, பத்து வயதில் விடுதலை வந்த அன்றைக்கு இனி ஜப்பான் மொழியில் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது என்று சபதம் போட்டது, எல்லாம் உனக்கும் மனப்பாடம். ஒசாகாவில் பிறந்து எட்டு வயதுவரை அங்கேயே வளர்ந்த என்னையும், கல்யாணமான மறுநாளே, இந்த வீட்டில் அந்தப் பேச்சு கூடாது என்று அடக்கிவைத்தார். அப்படிப்பட்டவர் டிக்கெட்டைப் பார்த்ததும் தூக்கி எறிவார் என்றுதான் பயந்தேன். எறியவில்லை. நான்கு நாள் முன்னாலேயே பெட்டியைக் கட்டி வாசற்பக்கம் வைத்துவிட்டு, போகிற இடத்தில் சோறு என்ன லட்சணத்தில் இருக்குமோ என்று மட்டும் முனகிக்கொண்டிருந்தார். நீ அவர் சொல்லைக் கேட்காமல் பிரேசிலுக்குக் கிளம்பிய நாளிலிருந்து ஆறு வருஷமாக உன் போன் வரும்போதெல்லாம் அவசரமாகக் கழிவறைக்குப் போகிற மனுஷன், உன் டிக்கெட்டை மட்டும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

பூசானில் கப்பல் ஏறின சாயங்காலமே வினை ஆரம்பித்தது. எங்கள் கூட்டத்தில் நாற்பது பேர், ஆளுக்கொரு பையில் மிளகாய் விழுது, கடற்பாசி, காய்ந்த கணவாய். கப்பல் நகர்வதற்குள் எல்லோரும் கணவாயைக் கிழித்து மெல்ல ஆரம்பித்துவிட்டார்கள், உன் அப்பா சும்மா இருப்பாரா, பீர் பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறந்து காட்டி எல்லாரையும் கைதட்ட வைத்துவிட்டுக் கணவாயின் தடித்த காலைக் கடித்தார். டக்கென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. என்னங்க என்றேன். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாதவர் அதன்பிறகு இடது பக்கம் எதையும் மெல்லவில்லை. மறுநாள் சோஜு சாராயத்தை வாயில் ஊற்றி அரை மணி நேரம் விழுங்காமல் வைத்திருந்து கடைசியில் விழுங்கியும் விட்டார், அது மருந்தாம். வயிற்றுப்போக்குக்குப் போடுகிறோமே அந்த நாற்றம் பிடித்த கறுப்பு மாத்திரை, அதை நசுக்கிப் பல் பொந்தில் அடைத்துக்கொண்டார். பஸ்ஸில் முன்னும் பின்னும் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடை எங்கே உடைந்தது என்று தேடினார்கள். இதோடு வைத்திருக்கிற போட்டோக்களில் வெந்நீர் ஊற்றுக்கு முன்னால் அப்பா கம்பீரமாக வலது கன்னத்தை மட்டும் காட்டி மலையைப் பார்க்கிறாரே, மலையில் ஒன்றும் இல்லை, வீங்கின கன்னம் உனக்குத் தெரியக்கூடாது என்றுதான். சிரியுங்கள் என்று நான் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க அவருக்கு வழி இல்லை.

மூன்றாம் நாள் காலை, பெப்பு என்கிற அந்த வெந்நீர் ஊற்று ஊரில் எழுந்து பார்த்தால் தாடை கழுத்துவரை இறங்கி வீங்கியிருக்கிறது, உடம்பு கொதிக்கிறது, வாய் ஒரு விரல் நுழையுமளவு கூடத் திறக்கவில்லை. எச்சில் விழுங்கக் கண்ணில் தண்ணீர் வருகிறது. அப்போதும் கையை ஆட்டிப் பஸ்ஸில் ஏறப் பார்த்தார். நான் கைடு பெண் சொன்ஹியைக் கூப்பிட்டேன். அவள் பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டரிடம் கொண்டுபோய் உட்காரவைத்து, மீதிப் பேர் குரங்கு மலைக்குக் கிளம்பி நிற்கிறார்கள், இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன், உங்கள் வயதுக்காரர்களுக்குத்தான் இந்தப் பேச்சு தெரியுமே என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

டாக்டர் ஓனோவுக்கு எழுபது வயதிருக்கும், குள்ளமான மனுஷர், நம்மைப் போலவே வீட்டுச் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிறார். எப்போதிலிருந்து வலி, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், சர்க்கரை இருக்கிறதா, எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டார். எல்லாம் எனக்குப் புரிந்தது. பதிலும் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது உன் அப்பா என்னைப் பார்த்தார். சொல்லேன் என்கிற பார்வைதான், எனக்கா தெரியாது. ஆனால் முப்பத்தாறு வருஷமாகப் புருஷன் பேச்சை மீறாத பெண்டாட்டி நான். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு கம்மென்று சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் என்று நினைக்காதே, அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம்.

டாக்டர் மூன்றாம் முறை கேட்டார், கேட்டுக்கொண்டே தாடையை லேசாகத் தொட்டார். அவ்வளவுதான், ஐம்பது வருஷத்துச் சபதம் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. நான் என்னவோ ஒரு பெரிய மனுஷன் பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன் கியூஹான். ஆனால் உன் அப்பா அதைப் படித்ததே பத்து வயதுவரைதான், அதற்குமேல் அந்த மொழி அவரிடம் வளரவே இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற மாதிரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கையை இரண்டு பக்கமும் ஒட்டவைத்துக்கொண்டு, அடைத்த வாயோடு, "சார், எனக்குப் பல்லு வலிக்குது சார். நான் அழல சார்" என்றார். கன்னத்தில் தாரைதாரையாக ஓடுகிறது. அந்தக் கிழவர் உன் அப்பாவின் தோளைத் தொட்டு உட்காரவைத்து, "ஆமா, நீ அழல. நல்ல பையன். எங்க, மெதுவா ஆ காட்டு" என்றார். பஸ் ஓட்டின காலத்தில் தன்னை ஒருமையில் கூப்பிட்டதற்காக ஒரு போலீஸ்காரனையே பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டவர், ஆ காட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அப்போது எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

வசந்த காலத்திலிருந்தே வலி இருந்ததாம், அதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஊசி போட்டுக் கீறிச் சீழை வெளியே எடுத்து, இரண்டாகப் பிளந்திருந்த கடைவாய்ப் பல்லையும் பிடுங்கினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வீக்கம் தொண்டையை அடைத்து மூச்சு நின்றிருக்கும் என்று டாக்டர் அடித்துச் சொன்னார். சுற்றினது போதும், சாயங்காலக் கப்பலைப் பிடித்து ஊருக்குப் போய் ஆஸ்பத்திரியில் படு என்றார். உன் அப்பா தலையை ஆட்டினார். இன்னும் மூன்று நாள் இருக்கிறது, போகமாட்டேன் என்றார். செத்துப்போனாலும் பரவாயில்லையா என்று டாக்டர் கேட்டார். அதற்கு உன் அப்பா பஞ்சை வாயில் அதக்கிக்கொண்டு, அந்தப் பத்து வயதுப் பேச்சில் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"என் பையன் அனுப்பினது சார். பாதியில போனா, அப்பாவுக்கு இன்னும் கோவம்னு நெனச்சுக்குவான். கோவம் இல்ல சார். எப்பவோ போயிடுச்சு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

டாக்டர் பேனாவை எடுத்தார். தினமும் காலையில் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே காட்ட வேண்டும் என்று இரண்டு ஊர் டாக்டர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். உன் அப்பா கஞ்சியும் மெத்தென்ற தோஃபுவும் சாப்பிட்டுக்கொண்டு மூன்று நாளும் ஒரு கோவில், ஒரு கடை விடாமல் சுற்றினார், எனக்குத்தான் கால் கழன்றுவிட்டது. கப்பலில் திரும்பும்போது, அங்கே டாக்டரிடம் பேசினது உனக்குப் புரிந்ததா என்று மெல்லக் கேட்டார். அந்த மொழியெல்லாம் எனக்கு எப்போதோ மறந்துபோயிற்று என்றேன். நல்லது என்றார்.

இப்போது வீக்கம் வற்றிவிட்டது, இங்கேயும் ஆஸ்பத்திரியில் காட்டியாகிவிட்டது. இடது பக்கம் ஒரு ஓட்டை, அதில் நாக்கை விட்டுத் துழாவிக்கொண்டு பேப்பர் படிக்கிறார். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது, போனில் மூச்சு விடாதே. ஜுனுக்கு இனிப்பு கொடுத்தால் வாய் கொப்பளிக்கச் சொல், உன் பல்லையும் வருஷத்துக்கொரு தடவை காட்டு, அப்பாவின் பல்தான் உனக்கும். வருகிற புது வருஷத்துப் படையலுக்கு வரமுடியுமா பார், முடியாவிட்டால் முடியாது என்று எழுது, பார்க்கிறேன் வருகிறேன் என்று இழுக்காதே. மூன்று பேரும் நல்ல பசியும் நல்ல தூக்கமுமாக நீடூழி வாழ வேண்டும். உனக்கும் எங்களிடம் சொல்லவேண்டியது, சொல்ல வராதது என்று ஏதாவது இருந்தால், நம் மொழியில்தான் சொல்லவேண்டும் என்று இல்லையடா. அந்த ஊர் மொழியிலாவது சொல்லிவிடு, எனக்குப் புரியும்.

உன் அம்மா